மாமாவின் நெகற்றிவ்

வெள்ளிக்கிழமை, இரவு. அக்கராயன்.

கனடாவில் இருக்கும் சித்தப்பா எந்த ஸ்கேனர் வேண்டும் என்று கேட்டபோது தெரிவு செய்தவன் நான்தான். அம்மாவிடம் இருக்கும் பழைய பிலிம் நெகற்றிவை ஸ்கேன் செய்ய மூடியிலும் விளக்கு இருக்கவேண்டும் என்று வாசித்திருந்தேன். ஆனால் அந்த வகை அச்சடிக்காது. கூட்டாளிகளின் தலையை மாட்டின் உடம்பில் ஒட்டி அச்சடிக்கும் ஆசையில், ஸ்கேன், கொப்பி, பிரிண்ட் என்று மூன்று வேலை பார்க்கும் பெட்டியைச் சொன்னேன்.

இன்று அது வந்தது. இறந்துபோன மாமாவின் ஒரேயொரு நெகற்றிவை அம்மா தந்தார். சண்டைக்குள் இடம்பெயரும்போது போத்தலில் போட்டுப் புதைத்து, திரும்பி வந்து தோண்டியெடுத்தது. ஸ்கேன் செய்தேன். திரை முழுக்கக் கறுப்பு.

"மண்ணுக்குள்ள கிடந்து பழுதாப் போச்சுது போல, என்னடா?"

"ஓம் அம்மா." பெட்டிக்கு மூன்று வேலை. நாலாவதாகப் பொய் சொல்லும் வேலையை நான் பார்த்தேன்.

பிறகு தனியே போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாமா தெளிவாக இருக்கிறார், என்னைப் போலவே பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி.

அதற்குள் அம்மா சித்தப்பாவுக்கு அழைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். "மிஷின் திறமான சாமான். நான்தான் வடிவாச் சுத்திப் புதைக்கேல்லை. என்ரை பிழை."

அம்மா இன்னும் குசினியில் அடுப்படியில்தான் நிற்கிறார். பேனையை வைத்துவிட்டுப் போய்ச் சொல்லப்போகிறேன்.