பல்பு எரிந்த விஷயம்

நோட்டன் பிரிட்ஜ்
12.6.1957

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். எனக்குச் சளி தவிரக் குறையில்லை.

இங்கே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டோர்ச் பெட்டரி, கம்பி, பல்பு வைத்து மின்சுற்று செய்து காட்டினேன். பல்பு எரிந்ததும் தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் மாணவி சீதாலெட்சுமி, "சார், பவர் ஹவுஸ் கரண்டு நம்ம லயத்துக்கு மேலதானே போகுது, ஏன் உள்ள வரல?" என்றாள். கம்பி இழுக்கவில்லை என்றேன். பாடத்தின்படி சரியான விடை.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் தகப்பன் தோட்டத் துரையிடம் லயத்துக்குக் கரண்டுக் கம்பி கேட்டாராம். கேள்வி எங்கிருந்து வந்தது என்று மட்டும் துரை விசாரித்தாராம். துரைக்குக் கீழே தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னிடம் வந்து, "மாஸ்டர், அந்தப் பல்பு இன்னொரு தடவ எரிஞ்சா பெட்டியக் கட்டிக்கிங்க" என்றார்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, குளிர்தான் காரணம். கம்பளிச் சட்டை ஒன்று அனுப்புங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை கழியும்வரை பொறுங்கள். பிள்ளைகள் அன்று மறுபடி எரியவிடச் சொன்னார்கள், சரியென்றுவிட்டேன். விலாசம் மாறலாம்.

அவசரத்தில்,
தங்கள் மகன்
இக்னேசியஸ்