நான் கழித்த வால்வு

என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு முப்பத்தோராம் நாள். காலையில் படைத்துக் கும்பிட்டோம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை, அண்ணே. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

தெல்தெனிய ரோட்டில் த்ரீவீலர் புரண்டு, தலையில் அடிபட்டு நீங்கள் போன அன்று காலை, இதயத்தைத் தானம் கொடுக்கிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தார். “இது ஒன் வேலைதானே, நீ சொன்னாச் சரி” என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததை யாருக்கும் சொல்லவில்லை. உங்கள் உடலைத் தர மத்தியானம் தாண்டும் என்றார்கள். கடதாசி வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தானமாக வரும் இதயங்களிலிருந்து வால்வு எடுத்து வைக்கிற எங்கள் லேப்புக்குப் போய்க் கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன். ஏன் போனேன்? உங்களை வேறு யார் கையிலும் விட மனம் வரவில்லை போலிருக்கிறது. சொந்தக்காரருடையதைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் இதயம் வரும் பெட்டியில் பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். கூட வேலை செய்யும் ஃபரீனாவுக்கு நீங்கள் இறந்ததே அப்போது தெரியாது.

இதயத்திலிருந்து இரண்டு வால்வை வெட்டி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இதழ் இதழாகப் பார்ப்போம். கிழிசல், ஓட்டை, சுண்ணாம்பு படிந்த இடம். இரண்டு பேர் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நுரையீரல் பக்கத்து வால்வு சுத்தமாக இருந்தது. பெருநாடி வால்வில், ஓர் இதழின் அடியில் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக் கொத்து ரொட்டிக் கடையைக் கண்டால் உங்கள் த்ரீவீலர் தானாக நிற்குமே, எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

“சின்னத் திட்டுதானே, விடுவமா?” என்று ஃபரீனா கேட்டாள்.

“வேணாம், கழிச்சிரு” என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

வேறு யாருடையதாவது என்றால் விட்டிருப்பேனா? உங்களுக்குச் சலுகை காட்டிவிடுவேனோ என்ற பயத்தில் கழித்தேனா? சுத்தம் என்று எழுதிய மற்றதையாவது ஒழுங்காகப் பார்த்தேனா? அது இப்போது உறைகுளிரில் இருக்கிறது. டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஏதோவொரு பிள்ளையின் நெஞ்சுக்குப் போய்விடும்.

உங்களுக்குப் படைத்த இலையை எடுத்துக்கொண்டே அம்மா இன்றைக்குக் கேட்டார்: “அவன்கிட்ட எடுத்தத யாருக்காச்சும் வச்சிட்டாங்களா?”

இன்னும் இல்லை என்றேன்.

“நீதானே அங்க இருக்க. நல்லதாப் பாத்துக் குடு” என்றார்.

அதைக் கேட்டுவிட்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

நாளைக்கு முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், அந்த நம்பர் என் அண்ணன் என்று டாக்டரிடம் சொல்லப்போகிறேன். கழித்ததை எரித்துவிட்டார்கள், அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. மிச்சமிருக்கிற வால்வை அன்றைக்கு நாங்கள் எடுத்த படங்களை உங்களைத் தெரியாத ஒருவர் பார்க்கட்டும். வேலை போனாலும் போகட்டும். அந்த வால்வும் வேண்டாம் என்று பார்த்தவர் சொன்னால், அம்மாவிடம் நானே சொல்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

வால்வு பார்த்த தாளில் நான் போட்ட கையெழுத்து செல்லாது, அண்ணே. இது செல்லும்.

உங்கள் தங்கச்சி,
செல்வி