குழம்பு கொண்டு போன தூக்குப்போசி

டீச்சர்,

இன்று காலை பள்ளிச் சமையல்கட்டில் உங்கள் தூக்குப்போசியைத் திறந்தேன். எத்தனை தடவை கழுவினாலும் மிளகும் பூண்டும் சேர்ந்த அந்தக் குழம்பு வாசம் போகவில்லை. நீங்கள் இறந்து போய் எட்டு மாதம் ஆகிறது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன், பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள், சின்னஞ்சிறுசுகள் இரண்டு ஓடை தாண்டி நடக்கணும் என்று சொல்லி, பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போக என்னையும் கூப்பிட்டீர்கள்.

"சமைக்கிறவளுக்கு அங்க என்னங்க வேலை?" என்றேன்.

"நான் பேசினா தலையாட்டிட்டு உள்ள போயிடறாங்க. நீ குழம்பை எடுத்துக்கிட்டு வா."

ஒரு வீட்டு வாசலில் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்த ஒருத்தி குழம்பை நக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. உங்க புள்ள இதைத் திங்குதா, இல்ல வேன்ல ஏறிப் போயிருதா?"

நான் தூக்குப்போசியை மூடினேன். டையும் ஷூவும் போட்டுப் போகட்டும் என்று என் கடைசி மகளை வேன் வருகிற தனியார் பள்ளியில் சேர்த்திருந்தேன். அது உங்களுக்கும் தெரியும்.

"முதல்ல ரெண்டு சுளை குடு. அப்புறம் சண்டை போடலாம்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது மகளைப் பற்றி என்னைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டே நடந்தேன். நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கு உப்பைக் கொஞ்சம் குறை."

திங்கட்கிழமை மகளை நம் பள்ளிக்கே கூட்டி வந்தேன். டையைக் கழற்ற மாட்டேன் என்று அதோடேயே வந்தாள். அடுத்த வாரம் பலாப்பழக்காரியின் பிள்ளைகள் இரண்டும் வந்து, "எங்களுக்கு டை எங்கீங்க டீச்சர்?" என்று உங்களைக் கேட்டன.

இந்த வருடமும் பிள்ளைகள் குறைவு. புது டீச்சர் கீழ்நாட்டுப் பெண். மலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஒரு வீடும் தெரியாது. இன்று நான்தான் குழம்போடு முன்னால் நடந்தேன். முதல் வீட்டிலேயே அதே கேள்வி வந்தது. நான் பதில் சொல்வதற்குள், தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு வந்த என் மகள் முந்திக்கொண்டாள். இப்போது நாலாவது படிக்கிறாள்.

"தினமும் திங்கறேனுங்க. உப்புதான் கொஞ்சம் சாஸ்தி."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "சரி, எம் பையன் பேரை எழுதிக்குங்க" என்றாள். புது டீச்சர் நோட்டை என்னிடம் நீட்டினாள். எழுத்துக்கூட்டி நானே எழுதினேன்.

உப்பை இன்னும் குறைக்கவில்லை டீச்சர்.