ஒரு வரியும் விடாமல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். புரை எடுத்த வலது கண்ணில் சீழ் பிடித்து மறுபடி கட்டுப் போட்டிருக்கிறார்கள், இடது கண் எப்போதோ கைவிட்டுவிட்டது, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதையாகக் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே தடவிக்கொண்டு திரிகிறேன். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் ஏறி அடுத்தவன் டிக்கெட்டில் குற்றம் கண்டுபிடித்த கண்ணுக்கு இது வேண்டும்தான். நான் சொல்லச் சொல்ல இன்னொரு கை எழுதுகிறது. யார் கை என்று முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். போனில் அவன் குரல் கேட்டால் வைத்துவிடுகிற மாதிரி இதையும் வைத்துவிடாதே, முழுக்கப் படி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு நான் எங்கே படிப்பது, உன் அண்ணனிடம்தான் கொடுத்தேன். மேலேயே 'அப்பா மட்டும் படிக்கவும்' என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துவிட்டு அவன் நிறுத்தினான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நமக்குள்ள என்னடா ரகசியம், படி என்று அதட்டினேன். படித்தான். அடுத்த மாதம் சம்பந்தி அம்மாவும் உங்களோடு வருகிறார், அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகத்தானே அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம், பத்து நாளைக்கு மட்டும் அவனை வேறு எங்காவது இருக்கச் சொல்லுங்கள் என்று நீ எழுதியதை எல்லாம் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தான். அவனை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது என்ற வரியையும் படித்தான். போதும்டா என்றேன், அவன் நிறுத்தவில்லை. முடித்து, மடித்து, என் கையில் வைத்துவிட்டு, இன்னொரு தடவ படிக்கட்டுமாப்பா என்று கேட்டான். ஜெயிலுக்கு உள்ளே இருந்த ஒன்பது வருஷமும் எழுத்துத் தெரியாதவர்களுக்கு வருகிற கடிதங்களை இவன்தான் படித்துச் சொல்வானாம். பெண்டாட்டி போய்விட்டாள், தாய் செத்துவிட்டாள், எல்லாம் இவன் வாயால்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரக்கப்பட்டு ஒரு வரியை முழுங்கினால் அப்புறம் நல்ல சேதி வந்தாலும் எவனும் நம்ப மாட்டான், அதனால் ஒன்றையும் விடக் கூடாது, முடிந்ததும் இன்னொரு தடவை வேண்டுமா என்று கேட்க வேண்டும், இது அங்கே அவர்களாக வைத்துக்கொண்ட சட்டமாம். உன் அம்மா இறந்ததை நான் எழுதிய கடிதத்தை மட்டும் அவன் தனக்குத் தானே படித்துக்கொண்டிருக்கிறான்.

அவன் வெளியே வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை, ரத்தமும் சீழுமாக மூட்டை மூட்டையாக வருகிற போர்வைகளைப் பிரித்துப் போடுவதும் இயந்திரத்தில் ஏற்றுவதும். அதை நடத்துகிற அம்மாள் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் மேட்ரன் என்றே கூப்பிடுகிறார்கள். வேலை செய்கிற ஒன்பது பேரில் ஆறு பேர் உள்ளே இருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி அறையில் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து யாருக்கு வீடு கிடைக்கவில்லை, யார் மறுபடி குடிக்க ஆரம்பித்தான் என்று பேசுவார்கள். தெருமுனை முடிதிருத்துகிறவரும் வந்து உட்காருவார், திங்கட்கிழமை தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட உன் அண்ணனோடு கூடவே போகிறவரும் அவர்தான். சும்மா இருக்கிறவர்கள் ஊருக்கு உழைக்கிறார்களாக்கும் என்று நான் நக்கல் அடித்திருக்கிறேன், வாய் கூசவில்லை அப்போது. அங்கே தொப்பிக்காரர் என்று ஒருவர், பதினான்கு வருஷம் உள்ளே இருந்தவர், மகன் வீட்டில் இருந்தார். விருந்தாளிகள் வருகிறார்கள், நாலு நாள் மட்டும் எங்கேயாவது இருங்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். வெட்கப்பட்டுக்கொண்டு சலவைக்கூடத்தில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் நாளும் யாரும் கூப்பிட வரவில்லை. ஆறாம் நாள் பட்டப்பகலில் ஒரு செருப்புக் கடைக் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டு, போலீஸ் வரும் வரைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். மேட்ரன் ஜெயிலில் போய்ப் பார்த்து அழுததற்கு, அங்க என் எடம் எதுன்னு எனக்குத் தெரியும்மா என்றாராம். அவருடைய வாளியை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கொடியில் துண்டைத் தேடித் தடவினேன், கையில் ஈரமாக ஒரு பை தட்டுப்பட்டது. வெளியே வந்த அன்று அவன் தோளில் மாட்டிக்கொண்டு வந்த பை. எதுக்குடா துவைச்சே என்றேன். பத்து நாள்தானேப்பா என்றான். பாப்பா, அவன் எங்கேயும் போக மாட்டான். வெளிநாடு என்ற பொய்யைக் கட்டியவன் நான், உன் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று கட்டினேன், சம்பந்தி அம்மாவிடம் நானே சொல்கிறேன், திட்டினால் என்னைத் திட்டட்டும். அவன் கையால் ஓர் உயிர் போனது, கூட வேலை பார்த்தவன், அவனுக்கும் பெண்டாட்டியும் ஒரு குழந்தையும் இருந்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில், அன்று ரத்தத்தோடு வந்த அவன் சட்டையைப் பார்த்தவள் நீ, உன் பயத்தையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வேறு இடத்தில் தங்கினால் தடவிக்கொண்டாவது நான் வந்து பேரப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் போ என்று அவனிடம் சொல்ல என் வாய் வராது.

நான் மட்டும் என்ன யோக்கியன். அவன் வருவதற்கு முதல் நாள் உன் அம்மாவின் நகை இருக்கிற பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். வந்த அன்றே அவன் பார்த்துவிட்டான். சலவைக்கூடத்திலும் முதலில் வேலை முடிந்ததும் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பானாம், உள்ளே சோதனை போட்ட பழக்கம். இங்க யாரும் பாக்க மாட்டாங்க, கையக் கழுவிட்டுக் கெளம்புப்பா என்று மேட்ரன் இரண்டு வாரம் சொல்லிச் சொல்லி அங்கே அது நின்றுவிட்டது. வீட்டில் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் அப்படியே வந்து நிற்பான். நானும் பார்ப்பேன், பாப்பா. வேண்டாம் என்று ஒரு நாள்கூட நான் சொல்லவில்லை, டிக்கெட் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, சரி வா என்பேன். இப்போது என் கண்ணில் கட்டு இருக்கிறது, அப்படியும் வாசலில் அவன் வந்து நிற்கிறது எனக்குத் தெரிகிறது. நேற்று சாவியை அவன் கையில் வைத்தேன். வாங்கினான், ஆணியில் மாட்டிவிட்டான். இந்தக் கடிதத்தில் பூட்டு என்று நான் சொன்ன இடத்திலேயே பேனா நின்றுவிட்டது, எழுது என்றேன், எழுதுகிறான். உன் பங்குக்கு நீயும் தங்கச்சிக்கு ஒரு வரி சேர்த்துக்கோடா என்றேன். சொல்றத எழுதறதுதாம்பா என் வேல என்கிறான்.

சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா, உன் வீடு நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கட்டு அவிழ்க்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம், அதனால் உன் பதிலையும் அவன்தான் எனக்குப் படிப்பான், ஒரு வரியும் விட மாட்டான். அதை நினைத்துக்கொண்டு எழுது.

இப்படிக்கு,
கண் தெரியாமல் கோணலாகக் கையெழுத்துப் போடும்
உன் அப்பா