நிறம் பார்க்கக் கொடுத்த கை

மார்ச் 4

என் பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது.

உடம்பு சொன்னபடி கேட்கிறது. கால் மட்டும் கேட்பதில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு.

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. பன்னிரண்டு வருஷமாக அந்த நாட்டு டிவியில் தரை துடைத்தாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாய், யாரோ சுட்டு யாரோ ஓட, நடுவில் காய்கறிப் பையோடு விழுந்தாய். இப்போது முழுத் தொடருக்கும் நீதான் கதாநாயகி என்று எழுதியிருக்கிறாய். மனுக்காரர் படித்துக் காட்டியதும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். இவர் கோர்ட்டுக்கு எதிரே மேஜை போட்டு முப்பது வருஷமாக ஊராருக்கு மனு எழுதுகிறவர். அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தையே "மேற்படி மகளாகிய உனக்கு" என்று ஆரம்பித்தார். அதை அடித்துவிடச் சொன்னேன்.

போட்டோவைக் கொண்டுபோய் மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, "உங்க பொண்ணா இது? மூக்கு வேற யாரோடதோ மாதிரி இருக்கே" என்றார். "நீ மாத்திரையை எடுய்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால், அந்த மனுஷன் சொன்னது சரி. மூக்கில் எதையோ ஒட்டியிருக்கிறார்கள். முகத்தில் இரண்டு பூச்சு அதிகம். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, பூச்சு தெரியும்.

நீ நடிப்பது ஒரு தீவுக்காரப் பெண்ணாக என்கிறாய். அவர்களுக்கும் நமக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பேச்சு வேறு, நடை வேறு, கோபப்படுகிற விதம்கூட வேறு. அதற்கு உன்னை ஏன் எடுத்தார்கள்? இன்னொன்று. "பக்கத்திலேயே ஒரு தீவுக்காரப் பெண் உட்கார்ந்து எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள், எப்படி உட்காருவது, எப்படிக் குழந்தையைத் தூக்குவது என்று, ரொம்ப நல்லவள்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த நல்லவள் யார்? வாத்தியாரா, நடிகையா? அதை எழுது.

போனில் கேட்டால் "ம், ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு "ம்" போட முடியாது.

அப்பா


மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆரம்பித்துவிட்டீர்கள். "வாழ்த்து" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். மூக்கைப் பற்றி வந்தது.

அவள் நடிகைதான். பத்து வருஷம் மேடையில் நடித்தவள். இந்த வேஷத்துக்கு அவளும் வந்து நடித்துக் காட்டியிருக்கிறாள். "உங்க முகம் பார்க்கிறவங்களுக்குப் பழக்கமில்லை" என்று சொல்லி, ஆலோசகர் என்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இது எனக்குத் தெரியும். இங்கே உள்ளவர்களுக்கு நம்மவள், தீவுக்காரி எல்லாம் ஒன்றுதான் அப்பா. கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் சோகம். அதற்கு மேல் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

போன வருஷம் நம் மொழி பேசுகிற ஒரு தாயின் வேஷம் வந்தது. என் வயசு, என் மொழி. வேறொரு நாட்டுக்காரிக்குக் கொடுத்தார்கள். நம் பேச்சை அவள் பாக்கு மாதிரிக் கடித்துத் துப்பினாள். நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு யாரும் அவளிடம் போய் நியாயம் பேசவில்லை. இப்போது என் முறை வந்ததும் நியாயம் தேடி வருகிறதா?

நடிப்பு என்றால் நாம் இல்லாத ஒன்றாக ஆவதுதானே? கொலைகாரனாக நடிக்கிறவன் கொலை செய்திருக்க வேண்டுமா?

எனக்கு நாற்பது ஆகப் போகிறது. இந்தக் கதவு இன்னொரு தரம் திறக்காது. கொஞ்சம் சந்தோஷப்படுங்களேன்.

உங்கள் மகள்


மார்ச் 30

பாப்பாவுக்கு,

முதலில் வாழ்த்து. பிந்திப்போனது என் தப்பு. மனுக்காரரும் தன் பங்குக்குச் சொல்லச் சொன்னார். இனி மற்றது.

கொலைகாரன் வேஷத்துக்கு எந்தக் கொலைகாரனும் வாசலில் வந்து, "ஐயா எனக்குக் குடுங்க" என்று நிற்பதில்லை. இவள் நின்றிருக்கிறாள். நடித்தும் காட்டியிருக்கிறாள். பந்தியில் உட்காராதே, பரிமாறு என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் பரிமாறுகிறாள், நீ சாப்பிடுகிறாய், "ரொம்ப நல்லவள்" என்று எனக்கு எழுதுகிறாய்!

உன் அம்மா ஒரு படத்தில் வேலை பார்த்தாள் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் நின்றிருப்பாள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். நான் திருத்தவில்லை. இப்போது கேள்.

கல்லுடைக்கிற பெண்ணைப் பற்றிய படம். எனக்கு வழக்கமான வேலை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது. உதவி டைரக்டர் ஒரு தரம் படித்தால் போதும், எனக்குத் தாள் வேண்டாம். கதாநாயகி வேற்று நாட்டுக்காரி. நம் மொழியில் தண்ணி என்று கேட்கக்கூடத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வாயசைப்பாள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிறம். கல்லுடைக்கிறவள் அப்படி இருப்பாளா? கறுப்புப் பூசினார்கள். பூச்சு ஒருநாள் போல ஒருநாள் இல்லை. திங்கட்கிழமை செம்மண், செவ்வாய்க்கிழமை கரிச்சட்டி. "ஒரே பொம்பளைக்கு எத்தனை தோலுய்யா?" என்று டைரக்டர் கத்தினார். பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கலக்க, மேக்கப்காரருக்கு மாறாத ஒரு நிறம் தேவைப்பட்டது.

உன் அம்மாவைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு காலை. ஏழு மணிக்கு மேக்கப் அறைக்குப் போய், கதாநாயகி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, வலது கையை மடக்கி அவள் கன்னத்தோரம் பிடிக்க வேண்டும். மேக்கப்காரர் கையைப் பார்ப்பார், கன்னத்தைப் பார்ப்பார், கலப்பார். முடிந்ததும், "வெளியே உக்காரும்மா, மத்தியானம் வேர்த்தா மறுபடி வேணும்." ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் ஒரு மரப்பெட்டி கிடந்தது. சாயங்காலம் வரைக்கும் அதில்தான். பத்தொன்பதாம் நாள் கதாநாயகி அம்மா கையைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று தெரியாமல் அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை.

நாடகத்தில் நடித்தவள் அவள்! தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னாலும் அந்த வேஷத்தைச் செய்திருப்பாள். கேட்டவன் யார்? கை மட்டும் போதும் என்றார்கள்.

உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளும் அவர்களுக்கு வெறும் கைதான். விலகிவிடு. அந்த மூக்கைப் பிய்த்து அவர்கள் மேஜை மேல் வைத்துவிட்டு வா.

அப்பா


ஏப்ரல் 12

அப்பா,

"அன்புள்ள" என்று எழுத வரவில்லை. மனுக்காரரே, இதை உள்ளது உள்ளபடி படியுங்கள், பாதியை மென்று விழுங்க வேண்டாம்.

அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. அவள் இருக்கும்போது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் அவளிடம் கேட்டிருப்பேன். இப்போது யாரிடம் கேட்பது?

நாற்பத்தொரு காலை அம்மா கையைக் காட்டினாள். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கேமராவுக்குப் பக்கத்தில். அம்மாவின் நிறத்தைப் பூசிக்கொண்டு வந்து நின்றவளுக்கு வார்த்தை கொடுத்தது நீங்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பெண்ணால் ஒரு வரி பேச முடியாது என்று நீங்களே பெருமையாகச் சொல்கிறீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே? நின்றீர்களா? நீங்கள் விடாத வேலையை நான் விட வேண்டும். ஊருக்குத்தான் உபதேசம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான் விலகினால் அந்த வேஷம் அவளுக்குப் போகாது. டைரக்டரிடம் கேட்டுவிட்டேன். "நீ இல்லேன்னா இன்னொருத்தி. வரிசையில நிக்கிறாங்க. ஆனா அவ இல்ல" என்று சிரித்தார். அப்புறம் நான் யாருக்காக விலகுவது? அவள் அதே மரப்பெட்டியில் இன்னொருத்திக்காக உட்காருவதற்காகவா?

விலகப் போவதில்லை.

உங்கள் மகள்


மே 2

பாப்பா,

மனுக்காரர் எதையும் மெல்லவில்லை. படித்து முடித்துவிட்டு, "இன்னிக்குப் பதில் வேணாம், போயிட்டு வாங்க" என்றார். இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்றைக்கு வந்திருக்கிறேன். இதை அவரும் இப்போதுதான் கேட்கிறார்.

"கூப்பிட்டார்கள்" என்று சொன்னேன். யார் கூப்பிட்டது என்று நீ கேட்கவில்லை. நான்தான்.

டைரக்டர் கத்திக்கொண்டிருந்தபோது என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாக முன்னே போய், "என் சம்சாரம் சரியா நீங்க கேக்கிற நிறம், நாளைக்குக் கூட்டிட்டு வரேன்" என்றேன். என் திட்டம் வேறு. எப்படியாவது அவளை உள்ளே கொண்டுவந்துவிட்டால், டைரக்டர் கண்ணில் படுவாள், நாலு வார்த்தை பேசினால் மனுஷன் அசந்துபோவார், பூச்சுக்காரியை ஊருக்கு அனுப்பிவிட்டு இவளைப் போடுவார் என்று நினைத்தேன். அம்மாவிடம் நிறம் பார்க்க என்று சொல்லவே இல்லை. "உன்னைப் பார்க்கணுமாம்" என்றேன்.

வசனம் முழுக்க என் தலைக்குள் இருந்ததே. அன்றைக்கே சமையலறையில் சொல்லிக்கொடுத்தேன். கரண்டியைச் சுத்தியலாகப் பிடித்துக்கொண்டு செய்தாள். கன்ட்ராக்டரை எதிர்த்துக் கேட்கிற இடத்தில் எல்லோரும் குரலை ஏற்றுவார்கள். இவள் இறக்கினாள். எத்தனையோ நடிகர்கள் வாயிலிருந்து வசனம் கேட்டவன் நான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் தலையை இறுக்கி முடிந்துகொண்டு, கல்லுடைக்கிறவள் மாதிரியே துணியை ஏற்றிச் செருகிக்கொண்டு வந்தாள். மேக்கப்காரர் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கையைக் காட்டும்மா" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"காட்டு" என்றேன்.

வாயை மூடியிருக்கலாமே என்று கேட்டாய். வேலை போய்விடும் என்ற பயம் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். அது பொய். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கைநாட்டு வைக்கிறவன் வாயையே பார்த்துக்கொண்டு அத்தனை பெரிய நடிகை நிற்பாள். அந்த ருசியை என்னால் விட முடியவில்லை. உன் அம்மா கடைசி வரைக்கும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் நான் யோக்கியன் இல்லை என்பதால் அவர்கள் யோக்கியர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஒரு முழு மனுஷி வந்து நிற்கும்போது கையை மட்டும் கேட்டவனுடைய அயோக்கியத்தனம் அவனுடையது. காட்டு என்று சொன்னது என்னுடையது. இதில் ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தன் ஒளிய முடியாது.

விலகு என்று இனி சொல்ல மாட்டேன். சொல்கிற யோக்கியதை இல்லை.

அப்பா


ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பெரிய காட்சி. செத்துப்போன கணவனின் உடலைக் கொடுங்கள் என்று தீவுக்காரி முதலாளியிடம் கேட்கிற இடம். ஆறு தரம் எடுத்தும் எனக்கு வரவில்லை. நான் என் ஆலோசகரைக் காட்டி டைரக்டரிடம், "இவங்க ஒரு தடவை செய்யட்டும், முன்னாடியிருந்து பார்த்தா எனக்குப் பிடிபடும்" என்றேன். பாடம் என்றால் சரி என்று விட்டார்.

அவள் செய்தாள். நான் ஆறு தரமும் அழுத இடத்தில் அவள் அழவில்லை. முதலாளி மேஜையில் கலைந்து கிடந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடுக்கி, ஓரம் தட்டி வைத்துக்கொண்டே கேட்டாள். முதலாளியாக நடிக்கிறவர் தன் வசனத்தை மறந்துவிட்டார்.

நான் எல்லோர் முன்னாலும் டைரக்டரிடம் போய், "பார்த்தீங்க இல்ல? இது இவங்க வேஷம். இவங்களுக்கே குடுங்க" என்றேன். வீரம் என்று நினைக்காதீர்கள். அவர் முடியாது என்பார், வேஷமும் எனக்கே இருக்கும், நல்லவள் என்ற பேரும் கிடைக்கும் என்று உள்ளே ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் மகள்தானே.

அவர் முடியாது என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் எங்கள் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நீக்கி ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. "ஒத்துழைப்பு இல்லாமை." நேற்றுப் புதிய கதாநாயகியை அறிவித்தார்கள். தீவுக்காரியும் இல்லை, நம்மவளும் இல்லை. பச்சைக் கண். கறுப்பு லென்ஸ் வைத்து அதைச் சரிசெய்துகொள்வார்களாம். "இந்த மக்களின் வலி எனக்குள் எப்போதும் இருந்திருக்கிறது" என்று பேட்டி கொடுத்திருக்கிறாள். எப்போதும்! போன வாரம் வரைக்கும் அந்தத் தீவு எந்தக் கடலில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா?

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தலை நிமிர்ந்து எழுதியிருப்பேன். நீக்கிய கடிதம் வந்த அன்று தீவுக்காரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உன்னை யார் கேட்டா?" என்றாள். "எனக்காகப் பேசப்போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நான் அங்க உட்கார்ந்திருந்த வரைக்கும் அவங்க எங்களைப் பத்தி எழுதின பொய்யில நாலையாவது தடுத்தேன். இப்ப யார் தடுப்பா?" நான் அவளைக் கேட்கவே இல்லை அப்பா. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை.

உங்கள் மேல் உள்ள கோபம் போகவில்லை. ஆனால் அதைத் தூக்கி உங்கள் மேல் எறிய இனி எனக்குக் கை வராது.

என் பெண் நியாயத்துக்காக வேலையை உதறினாள் என்று அங்கே யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். நீங்களும் சந்தோஷப்படாதீர்கள். எனக்கு அந்த வேஷம் வேண்டியிருந்தது அப்பா. இன்னும் வேண்டியிருக்கிறது.

உங்கள் மகள்