மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்

அனுப்புநர்:
திருமதி பிரிஜட் சூசைநாதன்,
ஏழாம் மாடி, பூன் லே, சிங்கப்பூர்.

பெறுநர்:
வட்டார மேலாளர் அவர்கள்,
வீட்டு நிர்வாக அலுவலகம்.

பொருள்: மின்தூக்கி அவசர மணியின் பேட்டரி சோதனை குறித்தும், என் கணவரைப் பற்றித் தாங்கள் எழுதிய வரியைத் திரும்பப் பெறக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் எங்கள் புளோக்கில் மின்சாரம் தடைப்பட்ட மாலையில், மின்தூக்கிக்குள் சிக்கி மூச்சுத் திணறி இறந்த சூசைநாதனின் மனைவி நான். அவருக்கு ஆஸ்துமா. மின்தூக்கி ஐந்தாம் மாடியிலும் ஒன்பதாம் மாடியிலும் மட்டுமே நிற்பதால், ஒன்பதுக்குப் போய் ஏழுக்குப் படியிறங்கி வருவார். அன்று வரவில்லை. காப்பிக்கடையில் கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நான் வீட்டுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

2. என் புகாருக்குத் தங்கள் பதில் வந்தது. மணி மாதந்தோறும் சோதிக்கப்பட்டு நல்ல நிலையில் இருப்பதாகவும், பயணி பொத்தானை அழுத்தாமல் இருந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை எனக்குப் படித்துச் சொன்ன என் மகள், "அப்பா ஏம்மா அமுக்கல?" என்று கேட்டாள். மூச்சுக்குத் தவிக்கிற மனிதர் கையைக் கட்டிக்கொண்டா நின்றிருப்பார்? உடலைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். வலது கட்டை விரல் நகத்தடி கருநீலமாகக் கன்றியிருந்தது. மணி இருப்பது கீழ்த்தளத்தில். அதற்கு அடியில்தான் அண்டை வீட்டுப் பரீதாவும் மற்றவர்களும் இருட்டில் காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். யார் காதிலும் எதுவும் விழவில்லை.

3. பின்னர் வந்த மின்தூக்கி ஒப்பந்தக்காரரின் ஆள் மணியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டினார். பேட்டரி ஊதி வெடிப்பு விட்டிருந்தது. "அக்கா, கரண்ட் இருக்கும்போதுதான் நாங்க பட்டனை அமுக்கிப் பாப்போம். மணி கரண்ட்லயே அடிச்சிடும். பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு லா" என்றார். அவர் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மின்சாரம் போனால் உதவ வேண்டிய பேட்டரியை, மின்சாரம் இருக்கும்போது சோதித்திருக்கிறீர்கள். நல்ல சோதனை! புதியது மாட்ட மேலிடத்து அனுமதி வரவில்லையாம். அதே பேட்டரி இன்றும் அங்கேயே இருக்கிறது.

4. நான் இழப்பீடு கேட்கவில்லை. அந்த வரியைத் திரும்பப் பெற்று, என் மகள் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இயலாதென்றால், தயவுசெய்து நேரில் வாருங்கள். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நான் உள்ளே நின்று பொத்தானை அழுத்துகிறேன். தாங்கள் கீழே மணிக்கு அடியில் நின்று கேளுங்கள். சத்தம் வரவில்லை என்றால், பிரிஜட்டும் அழுத்தாமல் இருந்திருக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
பிரிஜட் சூசைநாதன்
(கையொப்பம்)

இடம்: பூன் லே
நாள்: 14.9.1984