மெற்றில்டாவின் நிறை

மனோர் பார்க்
12.10.1991

அன்பின் அத்தானுக்கு,

நானும் ரமாவும் சுகம். நீங்கள் கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நம்பிக்கை கொஞ்சம்தான்.

வீட்டுக்குப் புதுசாக ஒருத்தி வந்திருக்கிறாள், பெயர் மெற்றில்டா. பக்கத்து வீட்டு எட்வேட் தன் மகளோடு இருக்கப் போகிறார். போகுமுன், தன் வீட்டிலேயே முட்டையிலிருந்து பொரித்த ஆமைக்குஞ்சை ரமாவின் கையில் வைத்துவிட்டார். இரண்டு வயது, எண்பத்திரண்டு கிராம். வளர்க்கும் முறையை நாலு பக்கத்தில் எழுதியும் தந்தார். மேலே சூடான விளக்கு எரியவேண்டும். தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் விடவேண்டும். புல்லுக்குள் முளைக்கும் களைக்கீரைதான் சாப்பாடு, கோதுமைப் பாணும் பழமும் ஆகாது. ஓடு பலப்படக் கணவாய் மீனின் ஓடு கொடுக்கவேண்டுமாம், நாங்கள் கறிக்கு வெட்டும்போது எறிகிற அதே ஓடு! மீன்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சும்மா தந்தார்.

வளர்ந்த ஆமை குளிர்காலம் முழுக்க உறங்குமாம். இந்தக் குஞ்சு குளிரில் உறங்கினால் எழும்பாது என்று எட்வேட் அடிக்கோடிட்டிருக்கிறார்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வீண்போகவில்லை. உங்கள் கடிதத்தை ரமா எழுத்துக்கூட்டித் தானே வாசித்தாள். எட்டு வயதுக்குப் பரவாயில்லை. வாசித்து முடித்துவிட்டு, "அப்பாவும் சித்தப்பாவும் ஒண்டாய் வருவினமோ?" என்று கேட்டாள்.

உங்கள்
கலாவதி

வெள்ளவத்தை
2.11.1991

அன்பின் கலா,

மகள் வாசித்தாள் என்ற வரியை நாலு தரம் வாசித்தேன். உங்களைப் பிரிந்து மூன்று வருடமாகிறது. அவளுடைய குரலே எனக்கு மறந்துவிடும் போலிருக்கிறது.

ஆனால் ஆமையா, கலா? ஆமை புகுந்த வீடு பிரியும், கெடும் என்று கேட்டுத்தானே நாம் இருவரும் வளர்ந்தோம். நீர் அதைத் தோட்டத்துக் கொட்டிலில் விடும். விசாவுக்கு எனக்கு இருபதாம் திகதி நேர்முகம், அதுவரைக்குமாவது விடும். தம்பி குகதாசனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை. இனியும் ஒன்றைத் தாங்க என்னால் ஏலாது.

அன்புடன்
பாலேந்திரா

மனோர் பார்க்
24.11.1991

அன்பின் அத்தானுக்கு,

பொறியியல் படித்த மனிசன் ஒரு தீப்பெட்டி அளவு ஆமைக்குப் பயப்படுகிறார் என்று இங்கே யாருக்கும் நான் சொல்லவில்லை. உங்கள் தம்பியை ஓகஸ்டில் கொண்டுபோனார்கள். மெற்றில்டா வந்தது ஒக்டோபரில். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கொட்டிலில் விட்டால் இந்தக் குளிரில் ஒருநாள் தாங்காது. ரமா ஞாயிறுதோறும் சமையல் தராசில் நிறுக்கிறாள். இப்போது தொண்ணூற்றொரு கிராம். அப்பா வருமுன் நூறு ஆக்கிக் காட்டப் போகிறாளாம்.

நேர்முகம் எப்படி? உடனே எழுதுங்கள்.

உங்கள்
கலாவதி

வெள்ளவத்தை
15.12.1991

கலா,

ஒரு பத்திரம் குறைவென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் நானே அடுக்கினேன், நானே மூன்று தரம் சரிபார்த்தேன். அந்த ஒன்று எங்கே போனது? நீர் சிரிப்பீர். சிரியும். நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரமாவுக்கு ஒரு கடதாசித் துண்டு தனியாக ஒட்டி வைத்திருக்கிறேன். நீர் பிரிக்கவேண்டாம். அது அப்பாவுக்கும் மகளுக்கும் இடையிலானது.

பாலேந்திரா

மனோர் பார்க்
5.1.1992

அன்பின் அத்தானுக்கு,

பிள்ளைக்கு என்ன எழுதினீர்கள்? துண்டைத் தலையணைக்குள் வைத்திருக்கிறாள், கேட்டால் காட்டுகிறாள் இல்லை. மெற்றில்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இன்று தராசில் வைத்து நிறுத்ததும் நான்தான். நூற்றொரு கிராம் என்று சொன்னேன், திரும்பியும் பார்க்கவில்லை.

இந்தக் கிழமை ஆமையின் விளக்கு இரண்டு தரம் அணைந்திருந்தது. வீட்டில் நானும் அவளும்தான் இருக்கிறோம். தயவுசெய்து எழுதுங்கள்.

கலாவதி

மனோர் பார்க்
2.2.1992

பாலேந்திராவுக்கு,

விசா கிடைத்துவிட்டது, பதினாலாம் திகதி வருகிறேன் என்ற உங்கள் தந்தி வெள்ளிக்கிழமை வந்தது.

அதற்கு முதல் செவ்வாய்க்கிழமை நான் காலை ஷிப்டுக்குப் போய்விட்டேன். முன்வீட்டு பெர்னடெற் வந்து ரமாவைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஐந்து நிமிடம் பிந்திவிட்டா. அந்த ஐந்து நிமிடத்தில் ரமா மெற்றில்டாவைப் பின்வாசலுக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறாள். புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்திருந்தது. தன் கம்பளித் தொப்பியால் மூடித்தான் வைத்திருந்தாள்.

நான் மூன்று மணிக்கு வந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கையில் ஏந்திக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. ஏனோ தராசில் நிறுத்தும் பார்த்தேன். நூற்றேழு கிராம். ஒரு குறையுமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்த குஞ்சு.

அன்று பின்னேரம்தான் துண்டைத் தந்தாள். உங்கள் அழகான கையெழுத்து, பிள்ளைக்கு விளங்கவேண்டுமென்று பெரிது பெரிதாக: "அப்பா வரவேண்டுமென்றால் ஆமையை வெளியே விடு. அம்மாவுக்குச் சொல்லாதே."

மூன்று நாள் விம்மி விம்மி அழுதாள். தந்தி வந்தபின் அழவில்லை. நீங்கள் எழுதியது பலித்துவிட்டதல்லவா?

இன்று காலை அவள் கட்டிலில் இல்லை. பின்வாசலுக்கு வெளியே மெல்லிய சட்டையோடு, வெறுங்காலோடு நின்றாள். கதவைத் தானே சாத்தியிருந்தாள். உதடு நீலம். தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏன் என்று கேட்டேன்.

"சித்தப்பாவும் வரோணுமெல்லே அம்மா" என்றாள்.

பின்கதவைப் பூட்டி, அதன் திறப்பைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஷிப்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணயரவும் பயமாக இருக்கிறது.

வந்ததும், பெட்டியைக் கீழே வைக்குமுன், நீங்கள் எழுதியது பொய் என்று அவளிடம் சொல்லவேண்டும். அந்த ஆமையால் எதுவும் தடைப்படவில்லை, நீங்கள் வருவது அது செத்ததால் அல்ல என்று, அவள் நம்பும்வரைக்கும் சொல்லவேண்டும். நான் சொன்னால் நம்புகிறாள் இல்லை.

அப்படிச் சொல்ல உங்களால் ஏலாதென்றால், இந்த வாசலுக்கு வரவேண்டாம்.

கலாவதி